ஒத்திக்கு வாங்கிய ஐந்து லட்சம்

அத்தியாயம் 14

ஒத்தி என்றால் என்ன என்று கேட்டு மூன்று வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். தென்காசிப் பக்கம் பிறந்திருந்தால் கேட்டிருக்க மாட்டார்கள். ஒரு தொகையை மொத்தமாக வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட வேண்டியது. அப்புறம் மாத வாடகை கிடையாது. காலம் முடிந்து வீட்டைக் காலி செய்கிற அன்று அந்தத் தொகை அப்படியே திரும்பி வர வேண்டும். அவ்வளவுதான் ஒத்தி.

கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது! இதில் வம்பு எங்கே வருகிறதென்றால், கைக்கு வந்த பணத்தை வருமானம் என்று நினைத்துக்கொள்ளும் கணவன்மார்களிடம்தான் வருகிறது.

நம் நாகராஜன் தங்கமான மனுஷர், அதில் சந்தேகமில்லை. இன்சூரன்ஸ் ஏஜெண்ட். ஊருக்கெல்லாம் எதிர்காலத்தைப் பற்றி எடுத்துச் சொல்கிறவர். மூன்று வருஷத்துக்கு முன்னால், மனைவி யோகலட்சுமியிடம் ஒரு வார்த்தை கேட்காமல், கீழப்புலியூர் வீட்டின் கீழ் போர்ஷனை ஹைருன் பீவிக்கு ஐந்து லட்சத்துக்கு ஒத்தி விட்டார். அந்த ஐந்தையும் குற்றாலத்தில், சீசனுக்கு ரூம் விடுகிற தங்கள் ஐந்தருவி ரோட்டு காட்டேஜில் கொட்டினார். டைல்ஸ், ஏசி, போதாததற்கு ஐந்து கார் நிற்கிற ஷெட். பழைய ஒத்திக்காரர் போகும்போது புது ஒத்திக்காரர் வருவார், அவர் கொடுப்பதை வாங்கி இவரிடம் கொடுத்தால் தீர்ந்தது என்பது அவருடைய பொருளாதாரம். ஊரில் பாதிப் பேருக்கு அதுதான் பொருளாதாரம்.

வீடு யோகலட்சுமி பேரில் இருக்கிறது. நாகராஜன் போட்ட கையெழுத்துக்குச் சட்டத்தில் காலணா மதிப்பில்லை. அதைச் சொல்லி அவள் கையை உதறியிருக்கலாம். உதறவில்லை. ஆக, ஐந்து லட்சமும் அவள் தலையில்.

போன வாரம் என்ன ஆயிற்று என்று நினைவிருக்கும். ஆனி பாதி கழிந்தும் சாரல் இல்லை. மெயினருவியில் பாறை காய்கிறது என்று செய்தி பரவியதும், காட்டேஜில் ரூம் சொல்லி வைத்திருந்தவர்கள் எல்லோரும் முன்பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். ஒத்திக்குக் குறைகிற பணத்தை அந்த முன்பணத்தில்தான் சரிக்கட்ட நினைத்திருந்தாள். இதற்கிடையில் ஹைருன் பீவி கடையநல்லூரில் நாலு செண்ட் மனைக்கு ஒரு லட்சம் அட்வான்ஸ் கொடுத்து ஒப்பந்தம் போட்டிருந்தார். இந்தத் திங்கட்கிழமை மூன்று மணிக்குள் பத்திரம் முடியாவிட்டால் அந்த ஒரு லட்சம் போயிற்று.

அந்தத் திங்கட்கிழமைதான் இன்று.

காலை ஆறு மணிக்கே நாகராஜன் ஆரம்பித்துவிட்டார். ஒத்திப் பணத்தைச் சொன்ன தேதியில் திருப்பிக் கொடுத்த வீட்டுக்காரன் இந்த ஜில்லாவிலேயே கிடையாது, பத்து நாள் தவணை கேட்டால் ஹைருன் பீவி மாட்டேன் என்றா சொல்லப்போகிறார் என்றார். காபி ஆறுகிற வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பத்து நாள்ல அந்த மனை போயிரும். அவங்க ஒரு லட்சம் போயிரும்" என்றாள் யோகலட்சுமி.

"சாரல் வரலேன்னா நாம என்னட்டி செய்ய முடியும்?"

"சாரலை நம்பியா அவங்க நமக்குப் பணம் குடுத்தாங்க?"

நாகராஜன் பேப்பரை எடுத்துக்கொண்டார்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் எனக்கே மனசு ஆறாது. புருஷன் ஒத்திப் பணத்தைச் செலவழித்துவிட்டார் என்று தெரிந்த அன்று யோகலட்சுமி சண்டை போட்டாள், அழுதாள், எல்லாம் செய்தாள். மறுநாள் காலை பேங்குக்குப் போய்த் தனியாக ஓர் ஆர்.டி. ஆரம்பித்தாள். அந்தக் கீழ் போர்ஷனுக்கு வெளியில் என்ன வாடகை போகும்? எட்டாயிரம். வாடகை வராத அந்த வீட்டுக்கு, தானே குடியிருக்கிற மாதிரி, மாதாமாதம் எட்டாயிரம் கட்டினாள். காட்டேஜில் கூட்டம் வந்த மாதமும் கட்டினாள், ஈ ஓட்டிய மாதமும் கட்டினாள். மகளுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டிய ஜூன் மாதத்தில் வீட்டில் இரண்டு வாரம் மீன் வாங்கவில்லை, ஆனால் எட்டாயிரம் போயிற்று. முப்பத்தாறு மாதம். வட்டியோடு மூன்று லட்சத்துப் பதினாறாயிரம் நிற்கிறது. பெரிய பெரிய கட்டடம் கட்டி வாடகைக்கு விடுகிறவர்கள் இவளிடம் வந்து படிக்கலாம் என்பேன்.

குறைவது ஒரு லட்சத்து எண்பத்து நாலாயிரம்.

ஏழு மணி பஸ்ஸில் குற்றாலம் போனாள். வேல்சாமி காட்டேஜ் வாசலிலேயே நின்றிருந்தார். சீசனுக்கு ஊரெல்லாம் லாட்ஜுகளை மொத்தக் குத்தகைக்குப் பேசி, ரூம் ரூமாக விட்டுச் சம்பாதிக்கிறவர். ஐந்து ரூமையும் ஷெட்டையும் ஆவணி கடைசி வரைக்கும் கொடுத்தால் மூன்று லட்சம் தருவதாகச் சனிக்கிழமை சொல்லியிருந்தார்.

இன்று உட்காரக்கூட இல்லை. தண்ணீர் விழாத அருவிக்கு எவன் வருவான் என்று மலையைக் கை காட்டினார்.

"ஒண்ணு எண்பத்தஞ்சு தாரேன் தாயி. கையோட கொண்டாந்திருக்கேன்."

யோகலட்சுமிக்குச் சுருக்கென்றது. ஒன்றரை என்று சொல்லியிருந்தால் பேரம். இரண்டு என்றாலும் பேரம். அதென்ன ஒன்று எண்பத்தைந்து? நேற்றுச் சாயங்காலம் டீக்கடையில் நாகராஜன் இவரோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. வீட்டில் எவ்வளவு குறைகிறது என்பதை மனுஷர் வடையோடு சேர்த்து வைத்துவிட்டு வந்திருக்கிறார்.

"இது எங்க வீட்டுக்காரர் டீக்கடையில சொன்ன கணக்கு அண்ணாச்சி. என் காட்டேஜுக்கு உண்டான விலை இல்ல" என்றாள்.

வேல்சாமி சிரித்தார். வேற ஆள் எவன் இருக்கான், பார்த்து வை, நான் பஸ் ஸ்டாண்டுப் பக்கம்தான் நிப்பேன் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். அவர் மேல் எனக்குப் பெரிய கோபமில்லை. வியாபாரி. விலை குறைந்திருக்கும்போது வாங்க வருகிறவர்.

ஆனால் அவர் போனதும் யோகலட்சுமி காட்டேஜ் படியில் உட்கார்ந்துவிட்டாள் என்பதையும் சொல்ல வேண்டும். மணி எட்டரை. மூன்று மணிக்குப் பத்திர ஆபீஸ். சரி என்ற ஒரே வார்த்தையில் பணம் கையில் இருந்திருக்கும். வேண்டாம் என்று சொல்லியாயிற்று. தப்பு செய்துவிட்டோமோ என்று பயம் வந்தது. தைரியசாலி என்றால் பயமே இல்லாதவள் என்று யார் சொன்னது?

எதிரே ரோட்டோரம் ஒரு லாரி நின்றது. மங்குஸ்தானும் ரம்புட்டானும் கூடை கூடையாக இறங்கின. தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டு செங்கோட்டை கிதிர் முகம்மது ஆட்களைச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். வருஷா வருஷம் இதே இடம், இதே தார்ப்பாய். சாரல் வந்தால் கூடை நனைந்து பழம் கெடும், வராவிட்டால் வெயிலில் தோல் காய்ந்து விலை போகாது. போன வருஷம் ஷெட்டில் ஓரமாகக் கொஞ்சம் இடம் கேட்டு வந்தவரை, கார் நிறுத்துகிற இடத்தில் பழக்கூடையா என்று நாகராஜன் விரட்டிவிட்டார்.

யோகலட்சுமி எழுந்தாள். ஷெட்டைத் திரும்பிப் பார்த்தாள். ஐந்து கார் நிற்கிற இடம். அவள் அறிந்து ஒரே நேரத்தில் மூன்று கார்கூட நின்றதில்லை.

ரோட்டைக் கடந்து போய்ப் பேசினாள். ஷெட்டும் கீழே உள்ள இரண்டு ரூமும் ஆவணி கடைசி வரைக்கும் உங்களுக்கு, பழம் நிழலில் இருக்கும், ஆட்கள் ரூமில் படுக்கலாம் என்றாள். கிதிர் முகம்மது தாடியைத் தடவினார். சாரல் இல்லாத வருஷம், வாங்க ஆளில்லாமல் தானே மலையைப் பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார்.

"ரூமுக்குத்தான் சாரல் வேணும் பாய். பழம் யாருக்காகவும் காத்திருக்குமா? கூட்டம் வந்தா இங்கன விப்பிய. வரலேன்னா மதுரைக்கு ஏத்துவிய. எப்படியும் நிழல் வேணும்லா?"

அவர் ஷெட்டுக்குள் போய் நடந்து பார்த்தார். தரையைத் தொட்டுப் பார்த்தார். எவ்வளவு என்றார்.

மூன்று தவணையில் தந்தால் ஒன்று எண்பது, இன்றைக்கே முழுசாகத் தந்தால் ஒன்றரை என்றாள் யோகலட்சுமி. முப்பதாயிரத்தை விடுகிறாளே என்று உங்களில் யாராவது உச்சுக் கொட்டினால், அவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். மூன்று மணிக்குள் வருகிற ஒன்றரைதான் அவளுக்குப் பணம். புரட்டாசியில் வந்து முடிகிற ஒன்று எண்பது வெறும் எண். இது புரிந்தவள்தான் வீடு வைத்து ஆளலாம்.

கிதிர் முகம்மதுவும் லேசான ஆள் இல்லை. ஒன்று நாற்பது என்றார். அவள் அசையவில்லை. வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். லாரியில் இன்னும் இறக்காத கூடைகளின் மேல் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவரும் அதைப் பார்த்தார். பத்து மணிக்கு ஒன்றரை லட்சம் கைக்கு வந்தது. மாடியில் மூன்று ரூம் அவளிடமே இருக்கிறது. சாரல் நாளைக்கே வந்தாலும் சனி, ஞாயிறுக்கு ரூமுக்கு மூவாயிரம் வாங்கலாம்.

இன்னும் முப்பத்து நாலாயிரம்.

அதற்கும் வழி வைத்திருந்தாள். பீரோவில் ஒரு கவர். அதில் பத்தாம் தேதி கட்ட வேண்டிய பேங்க் டியூ பதினெட்டாயிரத்து ஐந்நூறும், வீட்டுச் செலவுக்குப் பதினைந்தாயிரத்து ஐந்நூறும் இருந்தன. இன்றைக்குத் தேதி மூன்று. மற்ற மூன்று போர்ஷன் வாடகையும் எட்டாம் தேதிக்குள் தவறாமல் வந்துவிடும், அது இருபத்து நாலாயிரம். டியூவுக்கு இரண்டு நாள் முன்னாலேயே பணம் திரும்பி உட்கார்ந்துவிடும். நடுவில் ஐந்து நாள் ரசமும் துவையலும் வைத்து ஓட்டிக்கொள்ளலாம்.

நாகராஜனுக்குப் போன் போட்டு அந்தக் கவரை எடுத்துக்கொண்டு பேங்குக்கு வரச் சொன்னாள். எட்டாம் தேதி வாடகைக் கணக்கைச் சொல்ல வாயெடுப்பதற்குள் பஸ் வந்துவிட்டது. பேங்கில் அவர் கவரை நீட்டும்போது முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. என்ன என்று கேட்டதற்கு, சாயங்காலம் சொல்லுதேன் போ என்றார். அவளுக்கு நின்று கேட்க நேரமில்லை.

ஒன்றரை மணிக்குக் கீழ் போர்ஷனில் ஹைருன் பீவி ஒரு பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். சாமான் எல்லாம் நேற்றே போய்விட்டது. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. யோகலட்சுமி பையை அவர் மடியில் வைத்து, ஐந்தும் இருக்கிறது எண்ணிக்கொள்ளுங்கள் அக்கா என்றாள்.

ஹைருன் பீவி எண்ணவில்லை. சாரலும் இல்லாத வருஷத்தில் இதை எங்கே புரட்டினாய் என்று கேட்டார். மறைக்க என்ன இருக்கிறது, ஆர்.டி. கதையை யோகலட்சுமி சொன்னாள். கேட்கக் கேட்க அந்த அம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"அப்ப எனக்கு மூணு வருஷமா நீதான் வாடகை கட்டியிருக்கே. சார்ஜாவுல இருந்து என் மவன் யஹ்யா மாசாமாசம் கேப்பான், அந்தம்மா திருப்பிக் குடுத்துருமாம்மான்னு. குடுத்துருவா குடுத்துருவான்னு அவன்கிட்டச் சொல்லுவேன். ராத்திரி எனக்கு உறக்கம் வராது யோகம்மா. உன்கிட்ட ஒரு நாளும் காட்டிக்கிட்டதில்ல."

இருவரும் கொஞ்ச நேரம் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அப்புறம் ஆட்டோ வந்தது. இரண்டே முக்காலுக்குப் பத்திர ஆபீசில் கைரேகை வைத்தாயிற்று என்று போன் வந்தபோது, யோகலட்சுமி தனியாக அந்தக் காலி வீட்டுத் தரையில் உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீரையும் ஒரே மூச்சில் குடித்தாள். கைப்பையில் இருந்தது அறுபத்தைந்து ரூபாய். மூன்று வருஷத்தில் அவள் இவ்வளவு பணக்காரியாக இருந்ததே இல்லை.

இதோடு அத்தியாயத்தை முடித்திருப்பேன். நாகராஜன் விட்டால்தானே?

ஐந்து மணிக்கு வந்தார். கையில் மஞ்சள் பை. மேஜையில் வைத்துவிட்டு, இனிமேல் கவலையே வேண்டாம், கீழ் போர்ஷனை ஏழு லட்சத்துக்கு ஒத்தி பேசியாயிற்று, ஒரு லட்சம் அட்வான்ஸ் என்றார். கவர் காலியாகிவிட்டதே, டியூவுக்கு என்ன செய்வாள் என்று மனசு கேட்காமல், அந்தப் பணத்திலிருந்து மத்தியானமே பேங்க் டியூவையும் கட்டிவிட்டாராம். மனைவி பாராட்டுவாள் என்று நின்றார், பாவம்.

யோகலட்சுமிக்குக் காலிலிருந்து தலை வரைக்கும் எரிந்தது. ஆனால் சத்தம் போடவில்லை. யார் கொடுத்தது என்று மட்டும் கேட்டாள்.

"நம்ம வேல்சாமி அண்ணாச்சிதான். மக குடும்பம் தென்காசிக்கு வருதாம்."

அவள் வாயைத் திறப்பதற்குள் வாசலில் ஒரு மினி லாரி வந்து நின்றது. வேல்சாமி இறங்கினார். பின்னால் அவர் மகள் செண்பகவல்லி, இருபத்து நாலு வயசு இருக்கும், ஒரு கையில் பால் சொம்பு, இன்னொரு கையில் சாமி படம். இன்னும் பதினைந்து நாளில் ஆடி பிறந்துவிடும், ஆடியில் எவரும் வீடு மாற மாட்டார்கள், இன்றைக்கு நாள் நன்றாக இருக்கிறது, பாலை மட்டும் காய்ச்சிவிட்டுப் போகிறோம் என்றார். பால் காய்ச்சிவிட்டால் வீட்டுக்குள் ஒரு கால் வைத்த மாதிரிதான். அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

பாலோடு வந்த பெண்ணை வாசலிலிருந்து திருப்பி அனுப்ப இந்த ஊரில் யாருக்கு மனசு வரும்?

யோகலட்சுமி வேல்சாமியைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணிடம் போனாள்.

"நல்லாக் காய்ச்சு தாயி. ஆனா வாடகைக்குன்னா காய்ச்சு. மாசம் எட்டாயிரம். ஒத்தி இந்த வீட்டுல இனிமே கிடையாது. எனக்கு ஏழு லட்சம் வேண்டாம்."

பேசினது ஒன்று, இப்போது சொல்வது ஒன்றா என்று வேல்சாமி நாகராஜன் பக்கம் திரும்பினார். நாகராஜன் தரையைப் பார்த்தார். செண்பகவல்லி மட்டும் பால் சொம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்புறம் மெதுவாக அப்பாவிடம் கேட்டாள்.

"வாடகைன்னா என் நகையை விக்க வேண்டாம்லாப்பா?"

அவ்வளவுதான். மீதி ஆறு லட்சம் எங்கிருந்து வருவதாக இருந்தது என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அந்தப் பெண் அப்பாவின் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. எட்டாயிரத்தை எங்கள் வீட்டுக்காரர் சம்பளத்திலேயே கட்டிவிடுவோம் அக்கா என்று யோகலட்சுமியிடம் சொல்லிவிட்டு, வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனாள். அடுப்பு பற்ற வைக்கிற சத்தம் கேட்டது.

யோகலட்சுமி நீட்டிய மஞ்சள் பையை வேல்சாமி பிரித்து எண்ணினார். எண்பத்தோராயிரத்து ஐந்நூறு. இன்னொரு தரம் எண்ணினார். பதினெட்டாயிரத்து ஐந்நூறு குறைகிறதே என்று யோகலட்சுமியைப் பார்த்தார்.

அவள் புருஷனைப் பார்த்தாள்.

இருபத்து மூன்று வருஷக் குடித்தனத்தில் பேங்கில், கடையில், ஸ்கூலில், எங்கே தவணை கேட்க வேண்டியிருந்தாலும் போய் நின்றது அவள்தான். காலையில் பத்து நாள் தவணை என்ன பிரமாதம் என்று பேசிய நாகராஜனே இப்போது தவணை கேட்க வேண்டியதாயிற்று. மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார்.

"அண்ணாச்சி, எட்டாம் தேதி வரைக்கும் பொறுத்துக்கிடணும். வாங்கிச் செலவழிச்சது நான். அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

உள்ளே பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. வேல்சாமி பணத்தை மடியில் கட்டிக்கொண்டார். அந்தப் பாக்கியைப் பற்றி நாளைக் காலையில் காட்டேஜில் வந்து பேசிக்கொள்கிறேன், மாடியில் இன்னும் மூன்று ரூம் இருக்கிறதல்லவா என்று கேட்டுவிட்டு லாரியில் ஏறினார்.